பெங்களூரில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் படும் பாடு

"ஐ ஹேவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே இட்செல்ஃப்." ஒயிட்ஃபீல்டோ எலெக்ட்ரானிக் சிட்டியோ, பெங்களூரின் எந்த அலுவலகத்தில் கால் வைத்தாலும் மத்தியானத்துக்குள் இந்த வாக்கியம் ஒரு தடவையாவது காதில் விழும். கூடவே அதன் தம்பி: "ஐ ஆம் லிவிங் இன் பேங்களூர் சின்ஸ் டென் இயர்ஸ்." இவற்றைச் சொல்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மொழியில்தான் சம்பளம் வாங்குகிறார்கள், அந்த மொழியிலேயே சண்டையும் போடுகிறார்கள். பள்ளியில் ஹேவ், ஹேஸ் போட்டுக் கோடிட்ட இடங்களை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் முதல் வாக்கியத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் வரக் கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டாவதில், வர வேண்டிய பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் வராமலே போய்விடுகிறது.

இத்தனை வருஷப் பயிற்சிக்குப் பிறகும் ஏன் இப்படி? மொழியியலாளர்கள், பாடநூல் எழுதியவர்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் என்று பலர் இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். உலகம் திரும்பிப் பார்த்த பதில் ஒன்று பெங்களூரிலிருந்தே போனது. இந்தப் பதில்களை எடைபோட்டுப் பார்த்து, எந்தப் பயிற்சி உதவும், எது வீண் என்று சொல்வதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதலில் இந்த டென்ஸின் குணம். 1947-ல் ஹான்ஸ் ரெய்ஷென்பாக் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர், வினையின் காலத்தை விளக்க மூன்று புள்ளிகள் வேண்டும் என்றார்: செயல் நடந்த நேரம், பேசும் நேரம், பேசுபவர் எந்த நேரத்தில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறார் என்பது. 'ஐ சென்ட் த மெயில்' என்னும்போது பேசுபவர் மனத்தால் நேற்றைக்கே போய் நிற்கிறார். 'ஐ ஹேவ் சென்ட் த மெயில்' என்னும்போது அவர் நிற்கும் இடம் இந்த நிமிஷம். மெயில் போனது பழைய கதை, அதன் பலன் இப்போது இருக்கிறது. செயல் ஒன்றேதான், பார்க்கும் இடம் வேறு. இன்றைக்கு நின்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நேற்றைக்குத் தேதி குறிப்பதை ஆங்கிலம் ஒப்புக்கொள்வதில்லை. 'யெஸ்டர்டே' வந்ததும் அது முகம் சுளிப்பது இதனால்தான்.

இந்தக் கண்டிப்பு எல்லா மொழிக்கும் பொது என்று நினைத்து நாம் கூனிக்குறுக வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஜெர்மனில், இதே வடிவம் கொண்ட வினையோடு 'நேற்று' தாராளமாக வரும். பிரெஞ்சிலும் வரும். 'பத்து வருஷமாக இங்கே வசிக்கிறேன்' என்பதை ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் நம்மைப்போலவே நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் படிக்க வரும்போது அவர்களும் நம் தப்புகளையே செய்கிறார்கள். பெர்ஃபெக்டோடு 'யெஸ்டர்டே' ஏன் சேராது என்பது மொழியியலாளர்களையே தடுமாற வைத்த கேள்வி. 1992-ல் வுல்ஃப்காங் க்ளைன் இதைப்பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'புதிர்' என்ற சொல் இருக்கிறது. அறிஞர்களுக்குப் புதிராக இருப்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு வரி விதியாகக் கொடுத்துவிட்டு, மனப்பாடம் செய் என்கிறோம்.

இனி நம் பக்கம். தமிழில் இந்த வேலையைச் செய்ய வினை வடிவம் இல்லாமல் இல்லை. இருப்பது போதாதென்று கூடுதலாகவே இருக்கிறது, சிக்கலும் அதுதான். ஒரு நாவலைப்பற்றி 'படிச்சேன்', 'படிச்சிருக்கேன்', 'படிச்சுட்டேன்', 'படிச்சுக்கிட்டிருக்கேன்' என்று நான்கு விதமாகச் சொல்லலாம். நான்கும் நான்கு செய்தி. முதலாவது நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது அனுபவம்: எப்போதோ ஒரு காலத்தில், நாள் கிழமை முக்கியமில்லை. மூன்றாவது முடித்தாயிற்று, புத்தகத்தைத் திருப்பித் தரலாம். நான்காவது இன்னும் கையில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே 'ஹேவ் ரெட்'டுக்குள் அடங்கிவிடும். நான்காவதோ 'ஆம் ரீடிங்', 'ஹேவ் பீன் ரீடிங்' என்று இரண்டாகப் பிரியும். இரண்டு ஒன்றாவது சுலபம். ஒன்று இரண்டாவதுதான் தலைவலி. 'மூணு மாசமா படிச்சுக்கிட்டிருக்கேன்' என்பதில் தமிழ்க் காதுக்கு ஒரு குறையும் தெரியாது, ஆகவே 'ஐ ஆம் ரீடிங்' என்று வந்துவிடுகிறது. எவ்வளவு காலமாக என்று சொன்ன மாத்திரத்தில் ஆங்கிலம் வேறு வண்டியில் ஏறச் சொல்கிறது என்பதை யாரோ சொல்லித்தான் தெரிய வேண்டும்.

'யெஸ்டர்டே இட்செல்ஃப்' எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். 'நேத்தே அனுப்பிட்டேன்' என்பதில் 'விடு' என்ற துணைவினை, வேலை முடிந்தது, இனி என்னைக் கேட்காதே என்கிறது. அதற்கும் 'நேத்து' என்ற தேதிக்கும் தமிழில் பகை கிடையாது. முடிந்தது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஹேவ்' ஒன்றுதான் கையில் இருப்பதால் அதைப் போடுகிறோம், தேதியும் ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. ஏகாரத்துக்குக்கூட 'இட்செல்ஃப்' என்று ஓர் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்! பக்கத்து நாற்காலிக் கன்னடக்காரர் 'நின்னேனே களிஸ்பிட்டெ' என்கிறார். அவருடைய 'பிடு'வும் நம் 'விடு'வும் ஒரே வேர். ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்த வழியில்லை, ஏனென்றால் இருவர் காதுக்கும் அது சரியாகவே கேட்கிறது.

ஃபார், சின்ஸ் விஷயத்தில் மட்டும் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு, அதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. கன்னடத்தில் 'ஹத்து வர்ஷதிந்த' என்றாலும் '2015ரிந்த' என்றாலும் உருபு ஒன்றே. இந்தியிலும் இரண்டுக்கும் ஒரே 'ஸே'. ஆகவே அவர்களுக்கு ஃபார், சின்ஸ் இரண்டும் குழம்புவது இயல்பு. தமிழிலோ 'பத்து வருஷமா', '2015லிருந்து' என்று நாம் தனித்தனியாகவே சொல்கிறோம். 'பத்து வருஷத்திலிருந்து இங்கே இருக்கேன்' என்று எந்தத் தமிழரும் பேசமாட்டார். '-ஆ' வந்தால் ஃபார், '-லிருந்து' வந்தால் சின்ஸ்: ஒரே நிமிஷத்தில் முடிய வேண்டிய பாடம். இருந்தும் 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று நாமும் சொல்கிறோமென்றால் குற்றம் தாய்மொழியுடையது ஆகாது. நகரத்தின் பொது ஆங்கிலம் தொற்றிக்கொண்டது, அவ்வளவுதான். எல்லாத் தப்புக்கும் தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கத்தை ஆசிரியர்கள் கைவிட இதுவே போதிய சாட்சி.

இன்னொரு இடத்திலும் தமிழ் கைகொடுக்கும். 'அவரைப் பத்து வருஷமா தெரியும்' என்போம். 'தெரிஞ்சுக்கிட்டிருக்கு' என்று சொல்லமாட்டோம். 'பிடிக்கும்', 'வேணும்' ஆகியவையும் அப்படித்தான், 'கிட்டிரு'வை ஏற்காதவை. ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட் ஆகிய வினைகள் கன்டினியூவஸ் ஆகத் தயங்குவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதற்கு நீண்ட பட்டியலை உருப்போடத் தேவையில்லை, தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. 'மேனேஜர் சென்னைக்குப் போயிருக்கார்' என்றால் ஆள் இப்போது இங்கே இல்லை. 'நான் சென்னைக்குப் போயிருக்கேன்' என்றால் ஒரு காலத்தில் போய்விட்டுத் திரும்பியவன். வடிவம் ஒன்றே. ஆங்கிலம் முதலாவதற்கு 'ஹேஸ் கான்' என்றும் இரண்டாவதற்கு 'ஹேவ் பீன்' என்றும் பிரிக்கிறது. எதிரே உட்கார்ந்துகொண்டே 'ஐ ஹேவ் கான் டு சென்னை' என்று சொல்பவரை வெள்ளைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பது இதனால்தான்.

இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்? நீண்ட காலம் ரென் அண்ட் மார்ட்டின்தான் வேதம். 1930களில் வந்த அந்த இலக்கண நூலை எழுதிய பி.சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் இருந்தவர், நாவலாசிரியரும்கூட. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட புத்தகம் என்பார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைக்கு, தான் ஏற்கெனவே பேசுவதற்குப் பெயர் தெரிந்தால் போதும். அதே புத்தகம் நம் பிள்ளைகள் கைக்கு வந்தபோது பெயர் தெரிந்தது, பேச்சு வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்தது ஸ்ட்ரக்சுரல் முறை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் எஸ்.ஓ.எஸ். என்றே பெயர்: ஸ்ட்ரக்சுரல், ஓரல், சிச்சுவேஷனல். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்கத் திட்டம் தீட்டினார்கள். பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குக் கொடுக்க, உருண்டு பெரிதாகிக்கொண்டே போகும் ஏற்பாடு என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். 1963-ல் தென் மாநிலங்களுக்கென்று பெங்களூரில் ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷ் தொடங்கியது. இப்போது ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. தென்னிந்திய அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இன்றும் அங்கே வந்து தங்கிப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறார்கள்.

அந்தக் கால வகுப்பைக் கண்ணில் கொண்டுவருவது சுலபம். ஆசிரியர் கதவருகே போவார். 'ஐ ஆம் கோயிங் டு ஓபன் த டோர்.' தாழ்ப்பாளில் கை வைப்பார். 'ஐ ஆம் ஓபனிங் த டோர்.' திறந்ததும் திரும்பி, 'ஐ ஹேவ் ஓபன்ட் த டோர்.' பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். பார்க்க அழகான நாடகம். கதவு திறந்திருக்கிறது, பலன் கண்ணெதிரே இருக்கிறது, இந்த டென்ஸின் ஒரு முகத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. கோளாறு எங்கே என்றால், மற்ற முகங்கள் எதுவும் இதில் தெரியாது. பெர்ஃபெக்ட் என்றால் 'இப்போதுதான் முடிந்தது' என்று பிள்ளை மனத்தில் பதிந்துவிடும். 'இரண்டு தடவை டெல்லி போயிருக்கிறேன்' என்ற அனுபவத்துக்கும், 'பத்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்' என்ற தொடர்ச்சிக்கும் கதவு நாடகத்தில் இடமில்லை. அந்த நாடகத்தில் 'ஐ ஓபன்ட்' என்று யாரும் சொல்வதும் இல்லை. சாதாரண இறந்தகாலத்தோடு மோதவிடாமல் பெர்ஃபெக்டைக் கற்றுக்கொடுப்பது எதிராளி இல்லாமல் கபடி ஆடுவதுதான்.

இந்த முறையில் வகுப்பில் சரியாகச் சொல்லும் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே அதைப் பயன்படுத்துவதில்லை என்ற கவலை 1970களிலேயே பேசப்பட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் பெங்களூர் புராஜெக்ட். பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்த என்.எஸ். பிரபு, ரீஜனல் இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் நடத்திய பரிசோதனை அது. அவர் வாதம் துணிச்சலானது: பிள்ளையின் கவனம் அர்த்தத்தில் முழுதாக இருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே போய் உட்காரும், ஆகவே இலக்கணத்தைப் பாடமாக வைக்கவே வேண்டாம். டென்ஸ் பட்டியல் கிடையாது, கோடிட்ட இடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பார்கள், வரைபடம் கொடுத்து வழி கேட்பார்கள். ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் ஒரு கணக்கைப் பேசிப் பேசித் தீர்ப்பார், பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும். தப்பு வந்தால் போகிற போக்கில் திருத்திவிட்டு நகர்வார்கள். குழுவாகப் பிரித்துப் பேசவிடும் மேல்நாட்டு வழக்கத்தைப் பிரபு ஏற்கவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் அரைகுறை ஆங்கிலம் இன்னொருவருக்கு ஒட்டும் என்பது அவர் கருத்து. 'யெஸ்டர்டே இட்செல்ஃப்' பரவிய விதத்தைப் பார்த்தால் மனிதர் சொன்னது பலித்துவிட்டது என்றே தோன்றுகிறது.

1985-ல் பெரெட்டாவும் டேவிஸும் இந்தப் பரிசோதனையை மதிப்பிட்டார்கள். இலக்கண வடிவங்களை நேரடியாகக் கேட்ட தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் மேலாக இருந்தார்கள். வேலை கொடுத்துச் செய்யச் சொன்ன தேர்வில் புராஜெக்ட் பிள்ளைகள் முந்தினார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் காற்று புராஜெக்ட் பக்கம் அடித்தது. மதிப்பிட்டவர்களே இதை அடக்கமாகத்தான் சொன்னார்கள். சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள் கையில் அந்த முறை சரியாக நிலைக்கவில்லை என்று பெரெட்டா பின்னர் 1990-ல் எழுதினார். பெங்களூரில் திட்டம் நின்றுபோனது. பிரபு 1987-ல் வெளியிட்ட 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' என்ற நூலோ உலகம் சுற்றியது. இன்று பல நாடுகளில் டாஸ்க் வழிக் கற்பித்தல் என்று பேசுபவர்கள் பெங்களூர் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. பெங்களூர்ப் பள்ளிகளோ கோடிட்ட இடத்துக்கே திரும்பிவிட்டன.

பிரபுவிடம் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ரயில் அட்டவணையை எவ்வளவு அலசினாலும் 'த டிரெயின் லீவ்ஸ்', 'இட் ரீச்சஸ்' என்று நிகழ்காலம்தான் கொட்டும். பிரசன்ட் பெர்ஃபெக்ட் எட்டிப் பார்க்காது. தானே உள்ளே போய் உட்கார, முதலில் அது காதில் விழ வேண்டுமே. லாஷ்கியும் ப்ளே-வ்ரோமனும் 1993-ல் சொன்ன திருத்தம் இங்கே பொருந்தும்: குறிப்பிட்ட இலக்கணம் இல்லாமல் செய்யவே முடியாத டாஸ்க்காகப் பார்த்து அமைக்க வேண்டும்.

அவசரப்படுவதிலும் பலனில்லை. கேத்லீன் பார்டோவி-ஹார்லிக் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் கற்பவர்களிடம் பிரசன்ட் பெர்ஃபெக்ட் எப்போது தலைகாட்டுகிறது என்று நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தது. சாதாரண இறந்தகாலம் ஓரளவு உறுதிப்பட்ட பின்னரே அது வருகிறது. வடிவம் முதலில் வந்துவிடும், எங்கே போடுவது என்ற அறிவு பின்னால் வரும். இடைப்பட்ட காலத்தில் தப்பான இடங்களில் போடுவது வளர்ச்சியின் ஒரு கட்டம். ரேமண்ட் மர்ஃபி 1985-ல் எழுதிய 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' பெர்ஃபெக்டுக்கு ஒன்றல்ல, பல பாடங்களை ஒதுக்கி, அவற்றில் சிலவற்றை இறந்தகாலத்தோடு ஒப்பிடவே வைத்திருப்பது இந்த வகையில் நியாயம்.

இதெல்லாம் தப்புதானா என்ற கேள்வியும் இருக்கிறது. நிஹலானி, டங், ஹோசாலி மூவரும் 1979-ல் தொகுத்த 'இந்தியன் அண்ட் பிரிட்டிஷ் இங்கிலீஷ்' போன்ற நூல்கள் இந்தியர் ஆங்கிலத்தின் தனி வழக்குகளைப் பட்டியல் போட்டுக் காட்டின. அமெரிக்கரே 'டிட் யூ ஈட் யெட்?' என்று, பிரிட்டிஷார் பெர்ஃபெக்ட் போடும் இடத்தில் இறந்தகாலம் போடுகிறார்கள். அவர்களை யாரும் கோடிட்ட இடம் நிரப்பச் சொல்வதில்லை. 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்றால் பெங்களூரில் எல்லோருக்கும் புரிகிறது. 'ஹேவ் சென்ட் யெஸ்டர்டே'யும் புரிகிறது. புரிந்த வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருப்பதில்தான் பயிற்சி நேரத்தில் பாதி போகிறது. அர்த்தமே மாறிவிடும் இடங்களை யாரும் தொடுவதில்லை.

அப்படிப்பட்ட இடங்கள் இந்த நகரத்தில் தினமும் வருகின்றன. நேர்முகத் தேர்வில் 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் வேலையை விட்டுவிட்டீர்கள். 'ஐ ஹேவ் ஒர்க்ட்' என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் பற்றிப் பேச வேண்டும். காலைக் கூட்டத்தில் 'ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் த பக்' என்றால் வேலை முடிந்தது, வாடிக்கையாளரிடம் சொல்லலாம். 'ஐ ஹேவ் பீன் ஃபிக்ஸிங் த பக்' என்றால் உழைத்தீர்கள், முடிந்ததா என்று தெரியாது. இதை மாற்றிச் சொன்னால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே பயிற்சியை இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பேன். மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் பக்கம் சாப்ட்வேர் கோர்ஸ் படிக்க வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. இருவர் உட்கார வேண்டும். ஒருவர் அன்றைய வேலைகளில் எது முடிந்தது, எது நடக்கிறது என்று தேதி சொல்லாமல் சொல்ல வேண்டும்: 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் த டெஸ்டிங்.' மற்றவர் 'வென்?' என்று கேட்க வேண்டும். கேட்ட உடனே பதில் இறந்தகாலத்துக்குத் தாவ வேண்டும்: 'ஐ ஃபினிஷ்ட் இட் லாஸ்ட் நைட்.' பெர்ஃபெக்டில் செய்தியைத் திறப்பது, விவரத்துக்கு இறந்தகாலத்துக்கு மாறுவது: ஆங்கிலப் பேச்சின் இயல்பான நடை இதுவே. நம்மவர்கள் இந்த இரண்டு அடியையும் ஒரே வாக்கியத்தில் எடுத்து வைக்கப் பார்ப்பதால்தான் 'ஹேவ்'வும் 'யெஸ்டர்டே'யும் முட்டிக்கொள்கின்றன. கன்டினியூவஸுக்கு 'ஹவ் லாங்?' என்ற கேள்வி போதும். எவ்வளவு நாளாக இருமுகிறீர்கள் என்று டாக்டரும், எவ்வளவு நாளாக வேலை தேடுகிறீர்கள் என்று எச்.ஆரும் கேட்பது அந்தக் கேள்விதான். குழப்பம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கலாம், 'இருக்கேன்'னா, 'ட்டேன்'னா, 'கிட்டிருக்கேன்'னா என்று. வகுப்பில் தமிழே கூடாது என்ற விதி இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது தளர வேண்டும்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வினாத்தாள் மாறினால் வகுப்பு தானே மாறும். எனவே வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னும் பின்னும் இல்லாத ஒற்றை வாக்கியத்தில் கோடு போட்டு, அடைப்புக்குள் வினைச்சொல்லைக் கொடுத்து நிரப்பச் சொல்வதை அடுத்த தேர்விலாவது நிறுத்துங்கள். அந்த ஐந்து மதிப்பெண்ணுக்கு நாலு வரி உரையாடல் ஒன்று கொடுங்கள். வேலை முடிந்ததா, இன்னும் நடக்கிறதா, ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கேளுங்கள்.